ஆன்டிபயாடிக் பட்டால் பாக்டீரியாவின் லிப்பிடுகள் எப்படி மாறுகின்றன: ஸ்டாஃபையும் டாப்டோமைசினையும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அங்கே நடக்கும் தவறுகள் குறைவு. பெரும்பாலான தவறு அதற்கு இரண்டு வாரம் முன்பே, குடுவையில் பாக்டீரியா வளரும்போது நடந்து முடிந்திருக்கும். மருந்து மட்டும் லிப்பிடுகளை (செல் சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகளை) மாற்றுவதில்லை. மீடியா (வளர்ப்புக் கரைசல்), வளர்ச்சி நிலை, கால்சியம், அறுவடைக்கு எடுத்துக்கொண்ட நேரம் என எல்லாமே மாற்றும். இவற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே மருந்தின் விளைவு கண்ணுக்குத் தெரியும். அதனால் இந்த வழிகாட்டியில் கருவியைவிடக் குடுவைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸையும் டாப்டோமைசினையும் வைத்துக்கொள்கிறேன். இதன் சவ்வு ஓரளவு எளிமையானது: பாஸ்ஃபாடிடைல்கிளிசரால் (இனி பி.ஜி.), அதோடு லைசின் சேர்ந்த லைசில்-பி.ஜி., கார்டியோலிப்பின், சர்க்கரை ஏறிய டைகுளுக்கோசில் லிப்பிட். ஈ.கோலையில் நிறைய இருக்கும் பாஸ்ஃபாடிடைல்எத்தனாலமைன் இதில் கிடையாது. டாப்டோமைசின் கால்சியத்தின் துணையோடு பி.ஜி. உள்ள சவ்வில் போய் உட்காரும் மருந்து. ஆக, மருந்தின் இலக்கும் நாம் அளக்கப்போவதும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மருந்தே இல்லாதபோது, மருந்தை எதிர்க்கும் ஸ்ட்ரெயினும் (பாக்டீரியா வகை) மருந்துக்குப் பணியும் ஸ்ட்ரெயினும் எப்படி வேறுபடுகின்றன? மருந்து பட்டதும் ஒவ்வொன்றும் என்ன மாற்றம் செய்கிறது? அந்த மாற்றம் இரண்டிலும் ஒரே மாதிரியா?

புதியவர்கள் அடிக்கடி செய்வது, மருந்தில்லாத பணியும் ஸ்ட்ரெயினையும் மருந்து போட்ட எதிர்க்கும் ஸ்ட்ரெயினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. அங்கே இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிவிட்டன. வித்தியாசம் எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாவது கேள்விதான் நமக்கு வேண்டியது என்றால் நான்கு மூலைகளும் கட்டாயம்: இரண்டு ஸ்ட்ரெயின், ஒவ்வொன்றும் மருந்தோடும் மருந்தில்லாமலும்.

2. ஸ்ட்ரெயின் ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஜோடியாக இருக்க வேண்டும். மரபணு வரிசை தெரிந்த, எந்த மாற்றத்தால் எதிர்ப்பு வந்தது என்று ஏற்கனவே பதிவான ஜோடியை ஒரு கல்ச்சர் சேமிப்பகத்திலிருந்தோ, அதை வெளியிட்ட ஆய்வகத்திலிருந்தோ கேட்டு வாங்குங்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு எதிர்க்கும் ஐசொலேட்டும், இன்னோர் ஊரிலிருந்து ஒரு பணியும் ஐசொலேட்டும் எடுத்துவந்து ஒப்பிட்டால் இரண்டு குடும்பங்களின் வித்தியாசம்தான் தெரியும். எதிர்ப்பு ஸ்ட்ரெயினை நீங்களே உருவாக்கவும் போகாதீர்கள். அதற்கு உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் தனி அனுமதி வேண்டும். இந்தக் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

டாப்டோமைசினை எதிர்க்கும் பல ஸ்ட்ரெயின்களில் எம்.பி.ஆர்.எஃப். என்ற மரபணுவில் புள்ளி மாற்றம் இருக்கும். லைசில்-பி.ஜி.யைச் செய்வதும், அதைச் சவ்வின் வெளிப்பக்கத்துக்குப் புரட்டுவதும் இந்தப் புரதம்தான். சில ஸ்ட்ரெயின்களில் மாற்றம் கார்டியோலிப்பின் செய்யும் நொதியில் இருக்கும். உங்கள் ஜோடியில் எது என்று தெரியாமல் தொடங்கினால், கடைசியில் எந்த லிப்பிடைத் தேடுவது என்றே புரியாது.

மூன்றாவதாக ஒரு ஸ்ட்ரெயின் வாங்கி வையுங்கள்: எம்.பி.ஆர்.எஃப். உடைக்கப்பட்ட மியூட்டன்ட். நெப்ராஸ்கா டிரான்ஸ்போசான் தொகுப்பில் இது இருக்கிறது. இதில் லைசில்-பி.ஜி. இருக்கக் கூடாது. நீங்கள் லைசில்-பி.ஜி. என்று குறித்து வைத்த பீக் (கருவி வரைபடத்தில் எழும் முனை) இந்த மாதிரியிலும் வந்தால், அந்தப் பீக் வேறு ஏதோ ஒன்று. இவ்வளவு சுலபமாகவும் உறுதியாகவும் சரிபார்க்க வேறு வழி எனக்குத் தெரியாது.

வேலை முழுவதும் பி.எஸ்.எல்.-2 (இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு) வசதியில்தான். மருந்தில்லாமல் பல முறை மாற்றி மாற்றி வளர்த்தால் எதிர்ப்பு குறையக்கூடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் மைனஸ் 80 கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து புதிதாகக் கோடிழுத்து எடுங்கள்.

3. மீடியாவும் கால்சியமும்

கேஷன் (நேர்மின் அயனி) அளவு சரிசெய்த முல்லர்-ஹின்டன் பிராத் எடுங்கள். டாப்டோமைசினுக்கு அதில் கால்சியம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்க வேண்டும். சரிசெய்த பிராத்தில் ஏற்கனவே 20 முதல் 25 மில்லிகிராம் உண்டு. மீதியை மட்டும் சேர்த்தால் போதும்.

இங்கே ஒரு கணக்குத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 50 மில்லிகிராம் என்பது கால்சியத்தின் எடை, கால்சியம் குளோரைடின் எடை அல்ல. டைஹைட்ரேட் உப்பில் கால்சியம் சுமார் 27 சதவீதம்தான். 50 மில்லிகிராம் உப்பை எடுத்துப் போட்டால் 14 மில்லிகிராம் கால்சியம்கூட வராது. மருந்து பலவீனமாகி, பணியும் ஸ்ட்ரெயின்கூட எதிர்ப்பதுபோலத் தெரியும்.

அடுத்தது, மருந்தில்லாத குடுவைக்கும் அதே கால்சியம் வேண்டும். ‘மருந்துதான் இல்லையே, கால்சியம் எதற்கு’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. கால்சியம் தானே எதிர்மின் சுமையுள்ள லிப்பிடுகளோடு ஒட்டும். அதைக் கன்ட்ரோலில் விட்டுவிட்டால் கால்சியத்தின் விளைவையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஒரே லாட் எண்ணுள்ள பிராத் தூளை முழு ஆய்வுக்கும் ஒதுக்கி வையுங்கள். ஸ்டாஃப் மீடியாவில் இருக்கும் கொழுப்பு அமிலங்களை எடுத்துத் தன் சவ்வில் சேர்த்துக்கொள்ளும். நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை அது தானாகச் செய்வதில்லை. அதனால் உங்கள் முடிவில் 18:1 சங்கிலி (18 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு) தென்பட்டால் அது மீடியாவிலிருந்தோ, சீரத்திலிருந்தோ, கழுவாத கண்ணாடியிலிருந்தோ வந்தது. நான் முதலில் தேடிப் பார்ப்பதே இதைத்தான்.

4. மருந்தின் அளவை முடிவு செய்வது

முதலில் பிராத் மைக்ரோடைல்யூஷனில் (பிராத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் முறை) எம்.ஐ.சி. பாருங்கள், அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு. டாப்டோமைசினுக்கு டிஸ்க் முறை நம்பகமானதல்ல. கூடவே தரச் சோதனைக்கான ஏ.டி.சி.சி. 29213 ஸ்ட்ரெயினையும் ஓட்டுங்கள், அதன் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 0.12 முதல் 1 மைக்ரோகிராமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் மருந்தோ கால்சியமோ சரியில்லை; அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

சரி, எம்.ஐ.சி. கிடைத்துவிட்டது, அதில் நாலில் ஒரு பங்கு போடலாமா? அவசரப்பட வேண்டாம். எம்.ஐ.சி. அளக்கும்போது ஒரு மில்லிலிட்டரில் சுமார் 5 லட்சம் செல்கள்தான். நீங்கள் மருந்து போடப்போகும் குடுவையில் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். அத்தனை செல்களுக்கும் அந்த மருந்து பங்கிடப்படும்போது நாலில் ஒரு பங்கு என்பது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாததுபோல ஆகிவிடலாம்.

ஆகவே வேலை செய்யப்போகும் அதே அடர்த்தியில், அதே குடுவையில் வளர்ச்சிக் கோடு போடுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் ஐந்தாறு அளவுகள். இரட்டிப்பு நேரத்தை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, எடுத்துக்காட்டாக ஐந்தில் ஒரு பங்கு, நீட்டும் மருந்தளவைக் கண்டுபிடியுங்கள். இதைச் சம விளைவு அளவு என்று வைத்துக்கொள்வோம்.

இது ஏன் முக்கியம்? இரண்டுக்கும் ஒரே செறிவில் மருந்து போட்டால் ஒன்று திணறும், இன்னொன்று சாதாரணமாக வளரும். வளர்ச்சி வேகம் குறைந்தாலே லிப்பிட் விகிதம் மாறும். நீங்கள் பார்ப்பது திணறலின் அடையாளமா, மருந்துக்கு அந்த ஸ்ட்ரெயின் தரும் பதிலா என்று தெரியாமல் போகும். சம விளைவு அளவு இந்தக் குழப்பத்தைப் பெருமளவு நீக்கிவிடும்.

5. குடுவைகளை வரிசைப்படுத்துவது

நான் வைப்பது ஆறு: பணியும் ஸ்ட்ரெயின் மருந்தில்லாமல், பணியும் ஸ்ட்ரெயின் அதன் சம விளைவு அளவில், எதிர்க்கும் ஸ்ட்ரெயின் மருந்தில்லாமல், எதிர்க்கும் ஸ்ட்ரெயின் பணியும் ஸ்ட்ரெயினுக்குப் போட்ட அதே செறிவில், எதிர்க்கும் ஸ்ட்ரெயின் தனக்குரிய சம விளைவு அளவில், கடைசியாக எம்.பி.ஆர்.எஃப். உடைந்த மியூட்டன்ட். இவற்றோடு பாக்டீரியா போடாத வெறும் மீடியா ஒன்று. அறுவடை முதல் கருவி வரை அதையும் மாதிரிபோலவே நடத்த வேண்டும்.

ஒரே குடுவையிலிருந்து மூன்று டியூப் எடுத்தால் அது மூன்று மாதிரி ஆகாது. வேறு வேறு நாளில், வேறு வேறு காலனியிலிருந்து தொடங்கியதுதான் ஒரு மறுசோதனை (ரெப்ளிகேட்). குறைந்தது நான்கு செய்யுங்கள், ஐந்து நல்லது. ஒரு நாளில் ஆறு குடுவைகளும் சேர்ந்து முடிய வேண்டும். பணியும் ஸ்ட்ரெயினைத் திங்களன்றும் எதிர்க்கும் ஸ்ட்ரெயினைப் புதனன்றும் வளர்த்தால், நாளின் வித்தியாசம் ஸ்ட்ரெயினின் வித்தியாசமாக வேடம் போடும்.

6. அறுவடை

இந்தப் படியில்தான் எனக்குக் கண்டிப்பு அதிகம். கடிகாரத்தைப் பார்த்து அறுவடை செய்யாதீர்கள், ஓ.டி. 600 (600 நேனோமீட்டர் ஒளியில் அளக்கும் கலங்கல், அதாவது செல் அடர்த்தி) பார்த்துச் செய்யுங்கள். நான் 0.5-ல் நிறுத்துகிறேன். வளர்ச்சி நின்ற நிலைக்குப் போகப் போக ஸ்டாஃபில் கார்டியோலிப்பின் கூடும், பி.ஜி. குறையும். மருந்து போட்ட குடுவை மெதுவாக வளரும். இரண்டையும் நாலு மணி நேரத்தில் எடுத்தால் ஒன்று நடு வளர்ச்சியிலும் இன்னொன்று கடைசியிலும் இருக்கும். மருந்து கார்டியோலிப்பினைக் குறைத்துவிட்டது என்ற முடிவோடு வந்த ஒரு மாணவியின் நோட்டைப் பார்த்தோம். அவர் கன்ட்ரோலின் ஓ.டி. 3-ஐத் தாண்டியிருந்தது, மருந்துக் குடுவையில் 0.6. இரண்டையும் ஒரே ஓ.டி.யில் எடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. மூன்று மாத உழைப்பு அது.

அதற்கு முன்னால் செய்து வைக்க வேண்டியவை: சென்ட்ரிஃபியூஜ் 4 டிகிரியில் குளிர்ந்திருக்க வேண்டும். ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டி தயாராக இருக்க வேண்டும். டியூப்கள் பெயரெழுதி ஐஸில் இருக்க வேண்டும். மெத்தனால் மைனஸ் 20-ல் இருக்க வேண்டும்.

குடுவையை ஐஸ் தண்ணீரில் இறக்கிச் சுழற்றுங்கள். ஐஸ் மட்டும் போதாது. தண்ணீர் கலந்தால்தான் குடுவை முழுவதும் சட்டென்று குளிரும். 10 ஓ.டி. யூனிட் (ஓ.டி.யை மில்லிலிட்டரால் பெருக்கினால் 10) அளவு செல்களைச் சுழற்றி இறக்கி, குளிர்ந்த 0.9 சதவீத உப்புநீரால் ஒரே ஒரு முறை கழுவுங்கள். பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) வேண்டாம். அதிலுள்ள பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படியக்கூடும். பின்னால் பாஸ்பேட் அளந்து லிப்பிட் அளவைக் கணக்கிடும்போதும் தொந்தரவு தரும்.

மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். டாப்டோமைசின் பட்டதும் ஸ்டாஃப் தன் சவ்வு லிப்பிடுகளை வெளியே விட்டு மருந்தைச் செயலிழக்க வைக்கும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் 2016-ல் காட்டினார்கள். செல்லில் பி.ஜி. குறைந்தது என்றால் செய்வது குறைந்ததா, வெளியே போய்விட்டதா? மேல் திரவத்தை வடிகட்டி, அதையும் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

7. செல்லை உடைப்பது

ஸ்டாஃபின் செல் சுவர் தடிமனானது. கரைப்பானை மட்டும் ஊற்றினால் எல்லா லிப்பிடும் வராது. குறிப்பாகக் கார்டியோலிப்பின் உள்ளேயே தங்கிவிடும். லைசோஸ்டாஃபின் என்ற நொதி சுவரை நன்றாக வெட்டும். ஆனால் அதை 37 டிகிரியில் வைத்திருக்கும் நேரத்தில் செல்லின் சொந்த நொதிகளும் வேலை செய்து, பி.ஜி.யைக் கார்டியோலிப்பினாக மாற்றிக்கொண்டே இருக்கும். அளக்க வந்ததை அளப்பதற்கு முன்பே நாமே மாற்றிவிடுகிறோம்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: செல் உருண்டை மீது உடனே குளிர்ந்த மெத்தனால், அதன்பின் 0.1 மில்லிமீட்டர் மணிகளோடு பீட் பீட்டர் (டியூபை வேகமாகக் குலுக்கும் கருவி). மெத்தனால் நொதிகளை நிறுத்திவிடும். மணிகள் சுவரை உடைக்கும். அரை நிமிட ஓட்டம், ஒரு நிமிடம் ஐஸ், இப்படி ஆறு சுற்று. இந்தக் கட்டம் வரை பாலிப்புரப்பிலீன் டியூப் பரவாயில்லை. குளோரோஃபார்ம் வரும்போது கண்ணாடிக்கு மாறிவிட வேண்டும்.

உடைந்ததா என்று கண்ணாலேயே ஓரளவு தெரியும். தங்க நிற ஸ்ட்ரெயினாக இருந்தால் அதன் நிறமி லிப்பிடுகளோடு சேர்ந்து வரும். கரைப்பான் மஞ்சளாகி, அடியில் தங்கும் சக்கை வெளுத்திருந்தால் நன்றாக உடைந்திருக்கிறது. சக்கை இன்னும் மஞ்சளாக இருந்தால் இரண்டு சுற்று கூட ஓட்டுங்கள், ஆனால் எல்லா மாதிரிக்கும் சேர்த்து.

8. லிப்பிடைப் பிரித்தெடுப்பது

பிளை, டயர் இருவரும் 1959-ல் கொடுத்த முறையே இன்றும் போதும். உள் அளவுகோல்களை (அளவு தெரிந்து சேர்க்கும் ஒப்பீட்டு லிப்பிடுகளை) சேர்ப்பதிலிருந்து தொடங்குங்கள், குளோரோஃபார்முக்கு முன்னால். பிரித்தெடுத்த பிறகு சேர்த்தால் வழியில் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியாது.

எந்த அளவுகோல் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. விலங்குத் திசு வேலையில் 17:0/17:0 சங்கிலி உள்ள பி.ஜி. நல்ல அளவுகோல், ஏனென்றால் விலங்குகளிடம் ஒற்றைப்படைச் சங்கிலி மிகக் குறைவு. ஸ்டாஃபிடம் நிறைந்திருப்பதே 15, 17 கார்பன் கிளைச் சங்கிலிகள்தான். அதன் சொந்த பி.ஜி. 34:0-வும் (இரண்டு சங்கிலிகளும் சேர்ந்து 34 கார்பன்) உங்கள் அளவுகோலும் ஒரே நிறையில் ஒன்றன்மேல் ஒன்று விழும். டியூட்டீரியம் ஏற்றிய அளவுகோல்களை வாங்குங்கள்.

குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் 1:2:0.8 என்ற விகிதத்தில் இருந்தால் கலவை ஒரே அடுக்காக நிற்கும். செல் உருண்டையிலிருக்கும் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். கலங்கி இரண்டாகப் பிரியப் பார்த்தால் சில துளி மெத்தனால் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பங்கு குளோரோஃபார்மும் ஒரு பங்கு தண்ணீரும் சேர்த்தால் 2:2:1.8 ஆகி இரண்டு அடுக்காகும். லிப்பிட் இருப்பது கீழ் அடுக்கில்.

சேர்க்கும் தண்ணீர் லேசான அமிலத் தன்மையோடு இருக்கட்டும். சிறிது அசிட்டிக் அமிலம் போதும். லைசில்-பி.ஜி.யில் லைசினைப் பிடித்திருக்கும் எஸ்டர் பிணைப்பு காரத்தில் உடையும். உடைந்தால் வெறும் பி.ஜி. மிஞ்சும். லைசில்-பி.ஜி. குறைவு, பி.ஜி. அதிகம் என்று தலைகீழான முடிவு வரும். டிரிஸ் பி.எச். 8 பஃபரில் கழுவிய மாதிரிகளில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கீழ் அடுக்கை எடுக்க நீண்ட கண்ணாடிப் பாஸ்டர் பைபெட். மேல் அடுக்கையும் நடுவில் நிற்கும் வெள்ளைப் புரதத் தட்டையும் கடக்கும்போது மெதுவாகக் காற்றுக் குமிழ் விட்டுக்கொண்டே இறங்குங்கள். நுனியில் மேல் அடுக்கு ஏறாது. கடைசித் துளி வரை எடுக்க ஆசைப்படாதீர்கள். உள் அளவுகோல் இருப்பதால் கொஞ்சம் விட்டாலும் கணக்கு சரியாகிவிடும். புரதம் கலந்தால் சரியாகாது.

நைட்ரஜனில் உலர்த்தி, டெஃப்ளான் பூசிய மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் மைனஸ் 80-ல் வையுங்கள். ரப்பர் மூடியையும் சாதாரண பிளாஸ்டிக்கையும் குளோரோஃபார்ம் கரைக்கும். பின்னால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் நேர்மின் பயன்முறையில் 338-ல் பெரிய பீக் வந்தால் அது பிளாஸ்டிக்கிலிருந்து வரும் எருக்கமைடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் ஃபியூம் ஹுட்டுக்குள். நைட்ரைல் கையுறையைக் குளோரோஃபார்ம் சில நிமிடங்களில் ஊடுருவும். சிந்தினால் உடனே மாற்றுங்கள். கல்ச்சர் கழிவுக்குப் போடும் பிளீச்சைக் கரைப்பான் கழிவில் ஊற்றக் கூடாது. குளோரோஃபார்ம் உள்ள எதையும் ஆட்டோகிளேவில் வைக்கவும் கூடாது.

9. முதலில் ஒரு டி.எல்.சி. தகடு

நேரே கருவிக்குப் போகாமல் ஒரு சிலிகா தகட்டில் (டி.எல்.சி., அதாவது மெல்லடுக்கு நிறப்பிரிகை) ஓட்டிப் பாருங்கள். முதல் திசையில் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் 65:25:4. இரண்டாம் திசையில் குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம், மெத்தனால், தண்ணீர் 80:15:12:4. முதலில் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் அமினோ தொகுதி உள்ள லைசில்-பி.ஜி. ஊதா நிறத்தில் எழும். அதைப் பென்சிலால் வட்டமிட்டுப் படமெடுத்துவிட்டு மாலிப்டினம் நீலம் தெளியுங்கள். பாஸ்பேட் உள்ளவை எல்லாம் நீலமாகும். இந்த வரிசையை மாற்றினால் நீலத்துக்குள் ஊதா மறைந்துவிடும்.

மியூட்டன்ட் தடத்தில் ஊதாப் புள்ளி இல்லாமலும் மற்றவற்றில் இருந்தும் தகடு வந்தால், பிரித்தெடுப்பு சரி. இல்லையென்றால் கருவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

10. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்

தலைத்தொகுதி (லிப்பிடின் நீரை நாடும் முனை) வாரியாகப் பிரிக்கும் ஹிலிக் காலம் (குரோமடோகிராஃபிக் குழல்) இந்தக் கேள்விக்குப் பொருத்தம், ஏனென்றால் நம் சந்தேகம் பி.ஜி.க்கும் லைசில்-பி.ஜி.க்கும் நடுவில்தான்.

சில எண்களை (நிறையைச் சுமையால் வகுத்த மதிப்புகள்) மனதில் வையுங்கள். பி.ஜி. 32:0 எதிர்மின் பயன்முறையில் 721.5. அதை உடைத்தால் 241.2, 269.2 இரண்டும் வந்தால் சங்கிலிகள் 15, 17. அதே சங்கிலிகளோடு லைசில்-பி.ஜி. நேர்மின் பயன்முறையில் 851.6. கார்டியோலிப்பின் 64:0 இரட்டைச் சுமையோடு 675.5-ல் வரும், ஐசோடோப் பீக்குகளின் இடைவெளி அரை அலகாக இருப்பதுதான் அதன் அடையாளம். கிளை எங்கே இருக்கிறது, ஐசோவா ஆன்டிஐசோவா என்பதைச் சாதாரண உடைப்பு சொல்லாது. அது வேண்டுமென்றால் மெத்தில் எஸ்டராக்கி ஜி.சி.யில் (வாயு நிறப்பிரிகை) பார்க்க வேண்டும்.

டாப்டோமைசினுக்கே ஒரு கொழுப்பு வால் உண்டு. அது பிரித்தெடுப்பில் கூடவே வந்து, இரட்டைச் சுமையோடு 811 பக்கம் தென்படலாம். அதே நேரத்தில் வெளியேறும் லிப்பிடின் சிக்னலை அமுக்கவும் செய்யலாம். இதற்கு ஒரு கன்ட்ரோல்: மருந்தில்லாத செல்லை மெத்தனாலில் நிறுத்திய பிறகு அதில் மருந்தைச் சேர்த்து மற்றதுபோலவே கொண்டுபோங்கள். அந்தச் செல் பதில் தர முடியாது. ஆகவே அங்கே தெரியும் மாற்றமெல்லாம் வேதியியல் தொந்தரவு, உயிரியல் அல்ல.

மாதிரிகளைக் குலுக்கிப் போட்ட வரிசையில் ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொது மாதிரியை ஏழெட்டு ஓட்டத்துக்கு ஒரு முறை வையுங்கள். அது நகர்ந்தால் கருவி நகர்கிறது என்று அர்த்தம்.

11. எண்களைப் படிப்பது

மோல் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். மொத்தம் எப்போதும் நூறு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும். பி.ஜி. உண்மையில் குறைந்ததா, லைசில்-பி.ஜி. கூடியதால் அப்படித் தெரிகிறதா? ஒரு ஓ.டி. யூனிட்டுக்கு எத்தனை நேனோமோல் என்ற கணக்கையும் பக்கத்தில் போடுங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். மருந்து செல்லின் பருமனையோ கொத்தாக ஒட்டுவதையோ மாற்றினால் ஓ.டி.யே பொய் சொல்லும். அதனால் காலனி எண்ணிக்கையும் புரத அளவும் எடுத்து வைத்திருங்கள்.

பிறகு ஸ்ட்ரெயின், மருந்து, இரண்டின் கூட்டு விளைவு என்று மூன்றையும் ஒரே புள்ளியியல் மாடலில் சோதியுங்கள்; சோதனை நடந்த நாளையும் அதில் ஒரு தொகுதியாகச் சேருங்கள். முதல் படியில் எழுதி வைத்த மூன்றாவது கேள்விக்கான பதில் அந்தக் கூட்டு விளைவில்தான் இருக்கிறது.

12. மொத்தம் மாறவில்லை என்றால்

எம்.பி.ஆர்.எஃப். மாற்றமுள்ள ஸ்ட்ரெயினில் மொத்த லைசில்-பி.ஜி. ஏறாமலே போகலாம். பலர் இந்த இடத்தில் சோதனை தோற்றுவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். அந்தப் புரதத்துக்குப் புரட்டும் வேலையும் உண்டு என்று மேலே சொன்னேன். மொத்தம் அப்படியே இருக்க, வெளிப்பக்கத்தின் பங்கு மட்டும் கூடியிருக்கலாம். நாம் செய்த பிரித்தெடுப்பு உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒன்றாகக் கரைத்துவிட்டதால் அது அங்கே தெரியாது.

அதற்கு முழு செல்லில் செய்யும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று ஃபுளோரெஸ்கமைன் என்ற சாயம்: செல்லுக்குள் எளிதில் நுழையாமல், வெளியே நிற்கும் அமினோ தொகுதிகளைப் பிடிக்கும். பிறகு லிப்பிடைப் பிரித்து, பிடிபட்ட லைசில்-பி.ஜி. எவ்வளவு, பிடிபடாதது எவ்வளவு என்று பார்க்கலாம். இரண்டாவது சைட்டோக்ரோம் சி: நேர்மின் சுமையுள்ள சிவப்புப் புரதம். செல்லோடு கலந்து சுழற்றி, மேல் திரவத்தில் மிச்சம் எவ்வளவு என்று 530 நேனோமீட்டரில் அளக்க வேண்டும். செல்லின் மேற்பரப்பில் நேர்மின் சுமை கூடியிருந்தால் ஒட்டுவது குறைந்து, மேல் திரவம் அதிகச் சிவப்பாக நிற்கும். செல் சுவரின் டைக்கோயிக் அமிலங்களில் அலனின் ஏறினாலும் இதே முடிவு வரும். ஆகவே சைட்டோக்ரோம் முடிவை மட்டும் வைத்து லிப்பிட் மாறியது என்று எழுதாதீர்கள்; ஃபுளோரெஸ்கமைனோடு சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டையும் ஆறு குடுவைகளிலிருந்தும் அறுவடை நாளன்றே செய்ய வேண்டும். உறைந்த செல்லில் சவ்வு கிழிந்திருக்கும், சாயம் உள்ளேயும் போய்விடும். அதனால் 6-வது படியில் செல்களைச் சுழற்றும்போதே இதற்கென்று ஒரு பங்கைத் தனியாக எடுத்து ஐஸில் வைத்துவிடுங்கள்.